இஸ்திரி அறையில் ஃபர்சானா செய்தது

சிலிபின், ஈப்போ
9 மார்ச் 2025

அன்புள்ள ஃபர்சானா,

உன் அம்மாவிடம் கெஞ்சி உன் ஹாஸ்டல் முகவரியை வாங்கினேன். தாளில் எழுதி, உறையில் போட்டு, தபால் தலை ஒட்டுவது எனக்கு இதுதான் முதல் தடவை. இந்தக் காலத்தில் ஒரு பெண்ணிடமிருந்து போனைப் பிடுங்கி அலமாரியில் பூட்டி வைக்கிற பள்ளிக்கு உன் அத்தா உன்னைப் பெருமையாக அனுப்பியிருக்கிறார். தஞ்சோங் மாலிமில் கார் செய்கிற தொழிற்சாலை இருப்பது தெரியும். பிள்ளைகளைச் செய்கிற தொழிற்சாலையும் இருப்பது இப்போதுதான் தெரிந்தது.

நீ போனபிறகு பிரமிளா மிஸ்ஸின் சனிக்கிழமை வகுப்பு தாங்க முடியவில்லை. முதுகு வளைந்த பிள்ளைகளுக்கான பயிற்சி நிலையத்தை, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், டயர் கடைக்கு மேல் இரண்டாவது மாடியில் வைத்த அறிவாளியைத்தான் நான் இரண்டு வருடமாகத் தேடுகிறேன். உள்ளே போனால் சுவர் முழுக்க ஏணிக் கம்பிகள், கண்ணாடி, பந்து. மிஸ் பின்னால் நின்றுகொண்டு, "உள்ள அமுங்கின பக்கத்துக்கு மூச்ச அனுப்பும்மா கேரன், விலா திறக்கணும்" என்கிறார். என் விலா என்ன, கடைக் கதவா?

நாம் இருவரும் ஒரே மாதத்தில் அங்கே சேர்ந்தோம். உன் முதுகெலும்பு இருபத்தொன்பது டிகிரி வளைவு, என்னுடையது முப்பத்தொன்று. நிமிர்த்த முடியாது, வளர்ச்சி முடியும்வரை மேலே வளையாமல் பிடித்து வைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அதற்குத்தான் பிரேஸ் என்கிற அந்தப் பிளாஸ்டிக் கூடும், தினசரிப் பயிற்சியும். பிடித்து வைப்பதற்காக ஒரு வாழ்க்கை!

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நீ போனதிலிருந்து வீட்டில் நான் ஒரு நாளும் செய்யவில்லை. கேட்டால் செய்தேன் என்கிறேன். சனிக்கிழமை கண்ணாடி முன் வயிற்றை இழுத்துக்கொண்டு நின்றால் போதும், "பரவால்ல, நல்லா இருக்கு" என்கிறார் மிஸ். இவ்வளவுதான் அவர் படித்த படிப்பு.

நீயும் விட்டுத் தொலை.

கேரன்


தஞ்சோங் மாலிம்
23 மார்ச் 2025

கேரன் அக்காவுக்கு,

உன் கடிதத்தை வார்டன்தான் முதலில் பிரித்தார். இங்கே வரும் எல்லாக் கடிதத்தையும் பிரிப்பார். தமிழ் எழுத்தைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். இது என்ன என்று கேட்டார். என் பிசியோ அனுப்பிய பயிற்சிக் குறிப்பு என்றேன். பத்திரமாக வைத்துக்கொள் என்று திருப்பிக் கொடுத்தார். இந்த ஹாஸ்டலில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பாகான் செராய் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்ததற்கு இப்போதுதான் பலன் கிடைத்தது. அதனால் தைரியமாக எழுது.

என் அறையில் எட்டுப் பேர். பிரேஸைக் கழற்றும்போது பார்த்துவிட்டு "ரோபோட்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எட்டுப் பேர் கூடி யோசித்தும் இதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. பாவம்.

நான் விடவில்லை. நோன்புதான், ஆனாலும் சுபுஹு தொழுகை முடிந்ததும் எல்லாரும் மறுபடி படுத்துவிடுவார்கள். அப்போது இரண்டடுக்குக் கட்டிலின் ஏணியைப் பிடித்துக்கொண்டு செய்கிறேன். இடுப்புக்கடியில் சுருட்டிய துண்டு. நீ சிரிப்பாய் என்று தெரியும். எனக்கு மட்டும் செய்ய ஆசையா? மூச்சு அந்த அமுங்கின பக்கத்துக்குப் போகும் நாளில், அது உண்மையாகவே தெரியும் அக்கா. உள்ளே யாரோ கதவைத் தள்ளுகிற மாதிரி. நீ கடைக் கதவு என்று கிண்டல் செய்தாய். உனக்குத் திறந்ததே இல்லை, அதனால்தான்.

மிஸ்ஸைப் பற்றி அப்படி எழுதாதே. ஏமாற்றுவது நீ. ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிப்பதும் நீயா?

ஃபர்சானா


சிலிபின்
20 ஏப்ரல் 2025

அன்புள்ள ஃபர்சானா,

இன்று ஈஸ்டர். என் பிளாஸ்டிக் கூடு கடைசியில் ஒரு வேலைக்கு உதவியது. புது கவுனை அதன்மேல் மாட்டி அலமாரியில் நிற்க வைத்திருந்தேன், ஒரு சுருக்கம் விழவில்லை. பூசை முடிந்ததும் கோவில் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி என் தோளைத் தொட்டு, "இப்ப நல்லா நேரா இருக்கே லா" என்றாள். வலது தோள் இடதைவிட மேலே நிற்பது ஆலய மணிக்கூண்டிலிருந்து பார்த்தாலே தெரியும். அம்மா ரோசம்மா உடனே, "எல்லாம் மாதாவுக்கு நொவேனா வெச்சது" என்றாள்.

மாதா மட்டும் போதவில்லை. போன வாரம் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய எஸ்டேட்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். ரப்பர் மரமெல்லாம் போய் எண்ணெய்ப்பனை நிற்கிறது. லயத்தில் மிஞ்சியிருப்பது நாலு வீடு, அதில் ஒன்றில் கனகராஜ் என்று ஓர் உருவி விடுகிறவர். என்னைக் குப்புறப் படுக்க வைத்து, நல்லெண்ணெயை ஊற்றி, "மூனு வெள்ளிக்கெழம வாங்க, ரூல் தடி மாதிரி ஆக்கித் தரேன்" என்றார். முதுகெலும்பு என்றால் வளைந்த கம்பி, தட்டினால் நிமிரும் என்று நினைக்கிறார். லாரி பட்டறை வைத்திருக்கும் என் அப்பாகூட வாசலில் நின்று தலையாட்டினார். இவருக்கும் பிரமிளா மிஸ்ஸுக்கும் என்ன வித்தியாசம், சொல்? இவர் எண்ணெய் ஊற்றுகிறார், அவர் மூச்சை ஊற்றச் சொல்கிறார்.

நோன்பு வைத்துக்கொண்டு ஏணியில் தொங்கினாயாமே. பதக்கம் தருவார்கள் என்று நினைப்பா?

கேரன்


தஞ்சோங் மாலிம்
11 மே 2025

கேரன் அக்காவுக்கு,

பதக்கம் தரவில்லை. பேய் என்று பெயர் கொடுத்தார்கள்.

போன புதன்கிழமை விடியற்காலை ஏணியைப் பிடித்து மூச்சை 'ஸ்ஸ்ஸ்' என்று விட்டுக்கொண்டிருந்தேன். தலைமுடியைக் கட்டவில்லை. பக்கத்து அறைப் பெண் ஒருத்தி கழிப்பறைக்குப் போனவள் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "ஹந்து! ஹந்து!" என்று கத்தினாள். அவள் கத்தியதைக் கேட்டு இன்னொருத்தி, அவளைக் கேட்டு நாலு பேர். அரை மணி நேரத்தில் மாடி முழுக்க அழுகை. ஒருத்தி மயக்கம் போட்டாள். மார்க்கம் சொல்லித்தரும் உஸ்தாசா வந்து ஓதினார். நான் பிரேஸோடு மூலையில் நின்றேன், பேயிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

வார்டன் என்னை அறைக்குக் கூப்பிட்டார். நான் டாக்டர் கடிதத்தைக் காட்டினேன். அதைப் படித்துவிட்டும், படுக்கை அறையில் இனி செய்யக் கூடாது என்றார். மற்றப் பிள்ளைகளின் மனநிலை முக்கியமாம். என் முதுகெலும்பு அவ்வளவு முக்கியமில்லை போலிருக்கிறது.

இப்போது இஸ்திரி அறையில் செய்கிறேன். படிக்கட்டுக்கடியில் இருக்கிற சின்ன அறை. நாலு மேசை, ஒரே சூடு, சட்டைக் கஞ்சி வாசம். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்ளலாம். விடியற்காலையில் யாரும் வருவதில்லை, எல்லாருக்கும் பேய் பயம். நன்றி அந்தப் பெண்ணுக்கு.

இந்த வருடம் மூன்றாவது தடவையாக அம்மா என் பாஜு குரோங் பாவாடையின் மடிப்பைப் பிரித்துவிட்டார். அவ்வளவு வேகமாக உயரமாகிக்கொண்டு போகிறேன். நீ பார்த்தால் அண்ணாந்துதான் பேச வேண்டியிருக்கும். ஜூன் விடுமுறையில் எக்ஸ்ரே. அங்கே பார்ப்போம்.

ஃபர்சானா


தஞ்சோங் மாலிம்
15 ஜூன் 2025

மதிப்பிற்குரிய கேரன் ஆம்புரோஸ் அவர்களுக்கு,

நலம். தாங்களும் நலம் என்று தெரியும், எக்ஸ்ரேயில் பார்த்தேன்.

நடந்ததை எழுதி வைக்கிறேன், பிறகு வேறு மாதிரி நடந்தது என்று தாங்கள் சொல்லக் கூடாது என்பதற்காக. பிரமிளா மிஸ் நம் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். தங்களுடையது முப்பது டிகிரி. என்னுடையது நாற்பத்தொன்று. என் அத்தா அன்றுதான் முதல் தடவையாக அந்தப் படிகளை ஏறி மேலே வந்திருந்தார். மிஸ் அவரிடம், "பாருங்க, ரெண்டு பேரும் ஒரே மாசம் சேர்ந்த புள்ளைங்க. கேரன் வீட்டுல ஒழுங்கா செஞ்சிருக்கா. ஃபர்சானா ஹாஸ்டல் போனதும் விட்டுட்டா போல" என்றார்.

நான், "இல்ல மிஸ், ஒரு நாளும் விடல" என்றேன்.

அத்தா, "அப்ப அந்தப் புள்ளைக்கு மட்டும் எப்படி நின்னுச்சு?" என்றார்.

எல்லாரும் தங்களைத் திரும்பிப் பார்த்தோம். தாங்கள் தரையில் கிடந்த நீலப் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். தங்கள் தாயார் தங்கள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

பாகான் செராய் போய்ச் சேரும்வரை அத்தா ரேடியோகூடப் போடவில்லை. வீட்டு வாசலில், "வளைஞ்ச முதுகோட ஒரு புள்ள இருக்கலாம். பொய் சொல்ற புள்ள எனக்கு வேணாம்" என்றார். அதன்பிறகு விடுமுறை முடியும்வரை என்னிடம் பேசவில்லை.

தங்களுக்கு நாக்கு இருப்பதை நான் அறிவேன். மிஸ்ஸைப் பற்றி, கோவில் பெண்களைப் பற்றி, எண்ணெய் ஊற்றுகிறவரைப் பற்றி என்னிடம் அது என்ன ஆட்டம் ஆடியது! ஒரு வாக்கியம் தேவைப்பட்ட நேரத்தில் எங்கே போயிற்று?

இப்படிக்கு,
ஜைனுலாப்தீன் மகள் ஃபர்சானா


சிலிபின்
22 ஜூன் 2025

ஃபர்சானா,

'தாங்கள்', 'அவர்கள்' எல்லாம் எதற்கு? திட்டுவதென்றால் நேராகத் திட்டு.

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என் அம்மா பக்கத்தில் நிற்கிறாள். அன்று சாயங்காலமே வீட்டில் திருவிழா. முப்பது டிகிரிக்கு மூன்று பேர் சொந்தம் கொண்டாடுகிறார்கள். அம்மா மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போனாள். கனகராஜ் போன் போட்டு, "நான் சொன்னேன்ல" என்றார். பிரமிளா மிஸ் நிலையத்தின் இணையப் பக்கத்தில் போட ஒரு படம் கேட்கிறார். மூன்று முட்டாள்கள். நான் ஒன்றும் செய்யாதவள் என்பது எனக்கும் உனக்கும் மட்டும் தெரியும். இதில் எனக்கு என்ன சந்தோஷம் என்று நினைக்கிறாய்?

உண்மையைச் சொல்லட்டுமா? உனக்குக் கோபம் என்மேல் இல்லை. நீ செய்தது அத்தனையும் வீணாகிவிட்டது, நான் ஒன்றும் செய்யாமல் தப்பித்துவிட்டேன், அதுதான் உனக்குப் பொறுக்கவில்லை. ஆரம்பத்திலேயே சொன்னேன், விட்டுத் தொலை என்று. கேட்டிருந்தால் அந்த விடியற்காலைத் தூக்கமாவது மிச்சமாகியிருக்கும்.

கேரன்


சிலிபின்
13 ஜூலை 2025

ஃபர்சானா,

நீ பதில் போடவில்லை. போன கடிதத்தில் கடைசியில் எழுதியதை எழுதியிருக்கக் கூடாது.

நேற்று நடந்ததைக் கேள். மிஸ் ஒரு வீடியோ எடுக்கக் கூப்பிட்டார். சுரேன் என்று ஒரு கேமராக்காரர், விளக்கெல்லாம் கட்டி வைத்திருந்தார். நான் பக்கவாட்டில் படுத்து, கையை ஊன்றி, இடுப்பைத் தூக்கி, மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்து நிற்க வேண்டும். நீ தூக்கத்தில்கூடச் செய்வாய். எனக்குக் கை நடுங்கியது. சுரேன், "ஓகே லா, இன்னொரு டேக்" என்றார். மறுபடி தூக்கினேன், இடுப்பு இறங்கிவிட்டது. மூன்றாவது தடவை கன்னம் பாயில் இடிக்க விழுந்தேன்.

மிஸ் அவரைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டு, "எப்பலருந்து செய்யல?" என்று கேட்டார்.

"ஃபர்சானா போனதுலருந்து."

"அப்ப அது எப்படிம்மா நின்னுச்சு?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதானே மிஸ்."

அவர் பாயிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு வளர்ச்சி ஏறக்குறைய முடிந்துவிட்டது, எலும்பு இறுகிவிட்டது, அதனால் வளைவும் தானாக நின்றிருக்கலாம் என்றார். உனக்கு இந்த வருடம்தான் விறுவிறுவென்று உயரம் ஏறியிருக்கிறது. அந்த நேரத்தில் சிலருக்கு என்ன செய்தாலும் வளைவு ஓடும். பயிற்சி செய்யாமல் இருந்திருந்தால் இன்னும் வேகமாக ஓடியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாதாம். "ஒனக்கு அதிர்ஷ்டம். அத நான் என் கெட்டிக்காரத்தனம்னு நெனச்சுட்டேன். அந்தப் புள்ளைய அவங்க அத்தா முன்னால கேவலப்படுத்திட்டேன்" என்றார். சுரேனை விளக்குகளை அவிழ்க்கச் சொன்னார்.

இரண்டு வருடமாக அவரை நான் மதித்ததே இல்லை. நேற்று மதிக்காமல் இருக்க முடியவில்லை. அது எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

உன் அத்தாவிடம் அவரே பேசுவதாகச் சொன்னார். ஆக எல்லாம் சரியாகிவிட்டது. இப்போதாவது எழுது.

கேரன்


தஞ்சோங் மாலிம்
3 ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய கேரன் ஆம்புரோஸ் அவர்களுக்கு,

தங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. வார்டன் வழக்கம்போல் பயிற்சிக் குறிப்பு என்று என்னிடம் கொடுத்தார்.

தாங்கள் மிஸ்ஸிடம் உண்மையைச் சொல்லவில்லை. பிடிபட்டீர்கள். கை நடுங்காமல் இருந்திருந்தால் இந்நேரம் தங்கள் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் பேர் ஒன்றில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். மிஸ் என் அத்தாவுக்குப் போன் செய்தது உண்மை. அத்தா அம்மாவிடம் சொன்னது இது: "என் மவளுக்கு வளைவு ஏறிப்போச்சு, தன் பேரு கெட்டுரும்னு அந்தம்மா இப்ப மாத்திப் பேசுது." மாதம் ஒரு முறை பெற்றோர் வரும் நாளில் பிரியாணிப் பொட்டலத்தை வார்டன் மேசையில் வைத்துவிட்டு, "நல்லா படி" என்று தூரத்திலிருந்தே சொல்லிவிட்டுப் போகிறார். என் அறைப் பெண்கள் பிரியாணி நன்றாக இருந்தது என்றார்கள். நான் தொடவில்லை.

போன வாரம் மறுபடி எக்ஸ்ரே. நாற்பத்தாறு. டிசம்பர் விடுமுறையில் கோலாலம்பூரில் ஆபரேஷன். முதுகைத் திறந்து, திருகாணி போட்டு, இரண்டு கம்பிகளைக் கட்டுவார்கள். தங்கள் எஸ்டேட் கனகராஜ் சொன்ன ரூல் தடி எனக்குத்தான் கிடைக்கப்போகிறது.

நான் இன்னும் இஸ்திரி அறைக்குப் போகிறேன். நுரையீரல் எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு நல்லது, விடாதே என்று டாக்டர் சொன்னார். அவர் சொல்லாவிட்டாலும் போயிருப்பேன். வீண் என்று எழுதினீர்களே, அது தங்கள் கணக்கு. விடியற்காலையில் அந்த அறைக்குள் என் உடம்பு நான் சொன்னதைக் கேட்டது. தங்கள் உடம்பு யார் சொல்லையும் கேட்காமல் தானாக நின்றது. எது மேல் என்று டாக்டரிடம் கேட்க வேண்டியதில்லை.

எனக்கு ஒன்றும் எழுத வேண்டாம்.

ஃபர்சானா


சிலிபின்
18 செப்டம்பர் 2025

ஃபர்சானா,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்று மட்டும்.

திங்கட்கிழமை உன் அத்தாவின் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். பாகான் செராயில் மீன் தலைக் கறி பிரமாதம் என்று அப்பாவிடம் சொல்லி, லாரியிலேயே கூட்டிக்கொண்டு போகச் செய்தேன். வயலெல்லாம் தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது மதியக் கூட்டம். உன் அத்தா வாசல் மேசையில் கோழி வெட்டிக்கொண்டிருந்தார். அப்பாவை உட்கார வைத்துவிட்டு நான் நேரே அவரிடம் போனேன். வழி முழுக்க மன்னிப்புக் கேட்கத்தான் வாக்கியம் தயார் செய்திருந்தேன். அவர் என்னைப் பார்த்து, "ஆ, நீதானே அந்த ஒழுங்கான புள்ள" என்று சிரித்தார். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

"அங்கிள், ஒங்க மவள நீங்க ஏன் நம்பல?" என்றேன். கடையே திரும்பியது.

"என்னம்மா இது?"

"நான் ஒரு நாளும் செய்யல. ஒரு நாளும். ஒங்க மவ நோன்பு வெச்சுக்கிட்டு செஞ்சா. பேய்னு சொன்னாங்க, அப்பயும் செஞ்சா. எடம் இல்லன்னாங்க, இஸ்திரி ரூம்ல போயி செஞ்சா. இப்பயும் செய்றா. எலும்புக்கு அதெல்லாம் தெரியாது. ஒங்களுக்குத் தெரிய வேணாமா?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "இத அன்னிக்கே ஏன் சொல்லல?"

"அன்னிக்கு நான் பயந்தாங்கொள்ளி. நான் யாரோ. நீங்க அவளுக்கு அத்தா."

என் அப்பா கறிக்கையோடு ஓடி வந்தார். "கேரன்! ஆளோட கடையில வந்து என்ன பேச்சு லா இது! அண்ணே, மன்னிச்சுக்குங்க, சின்னப் புள்ள…"

"விடுங்க அண்ணே" என்றார் உன் அத்தா. என்னை ஒரு பார்வை பார்த்தார். வெட்டுப்பலகையில் ஒட்டியிருப்பதைப் பார்க்கிற மாதிரி. "மூனு மாசம். நீ பந்தப் பாத்துக்கிட்டு நின்ன, நான் மூனு மாசம் எம் மவ மொகத்தப் பாக்கல" என்றார். உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. கோழியை வேறு யாரோ வந்து வெட்டினார்கள்.

லாரி தைப்பிங்கைத் தாண்டியது. அப்போதுதான் அப்பா, "நெஜமாவே ஒரு நாளும் செய்யலயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அம்மாகிட்ட நீயே சொல்லிரு" என்றார். சொன்னேன். அம்மா ஒரு மெழுகுவர்த்தியை வீணாக்கிவிட்டதாகச் சொல்லி அழுதாள்.

உன் அத்தா பார்த்த பார்வை சரிதான். அதைத்தான் எழுத வந்தேன்.

கேரன்


தஞ்சோங் மாலிம்
5 அக்டோபர் 2025

கேரனுக்கு,

அத்தா வந்தார். பெற்றோர் நாள் இல்லை, செவ்வாய்க்கிழமை. கைலியோடு, கடைச் சட்டையோடு. வார்டன் முடியாது என்றிருக்கிறார். அத்தா காத்திருப்போர் கூடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாராம். கடைசியில் வகுப்பிலிருந்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

நான் ஸலாம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "செஞ்சு காட்டும்மா. நான் பாத்ததே இல்ல" என்றார்.

உண்மைதான். இரண்டு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னை டயர் கடை வாசலில் இறக்கிவிட்டு, காரிலேயே போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் மேலே என்ன செய்கிறேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

விளையாட்டு உடைக்கு மாறி, தூடோங் முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தேன். பயிற்சிக் கோலுக்குப் பதில் துடைப்பக் கட்டை. கூடத்தின் கண்ணாடிக்கு வெளியே பெண்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒன்று விடாமல் செய்தேன். பக்கவாட்டில் படுத்து இடுப்பைத் தூக்கும்போது என் கையும் நடுங்கியது, கேரன். எல்லாருக்கும் நடுங்கும். இறக்கிவிடாமல் இருப்பதுதான் பயிற்சி.

மண்டியிட்டு மூச்சு எடுக்கும்போது அத்தா எழுந்து வந்தார். "எங்க போவணும் அந்த மூச்சு?" என்றார். முதுகில் அமுங்கின இடத்தைக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு அங்கே வைத்தார். நான் உள்ளே இழுத்தேன். என் விலா அவர் உள்ளங்கையைத் தள்ளியது.

"தள்ளுது" என்றார். கையை எடுக்காமலே மறுபடி சொன்னார். "தள்ளுது புள்ள."

முடித்துவிட்டு எழுந்து வியர்வையைத் துடைத்தேன். அவர் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். "இன்னொரு தடவ காட்டும்மா" என்றார்.

"முடியாது அத்தா. எனக்கு கிளாஸ் இருக்கு."

மாடிக்குப் போய்ச் சன்னல் வழியாகப் பார்த்தேன். மணி அடிக்கும்வரை அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் இறங்கிப் போகவில்லை. மூன்று மாதம் அவர் காக்க வைத்தார், ஒரு மணி நேரம் நான் வைத்தேன்.

கடையில் கூச்சல் போட்டது அசிங்கம். அத்தாவின் வாடிக்கையாளர்கள் இன்னும் அதைத்தான் பேசுகிறார்களாம். ஆனாலும் கூச்சல் போட்டாய்.

ஃபர்சானா


பாகான் செராய்
11 ஜனவரி 2026

கேரன் அக்காவுக்கு,

(அக்கா என்று எழுதியதற்கு ரொம்பவும் குதிக்க வேண்டாம். வயதுக்காக எழுதினேன்.)

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வளைவு முழுக்கப் போகவில்லை, பதினெட்டு மிச்சம். முதுகை வளைத்துக் குனிய முடியாது, கீழே விழுந்ததை எடுக்க மண்டியிட வேண்டும். மறுநாளே எழுப்பி நிற்க வைத்தார்கள். அது எப்படி வலித்தது என்று எழுதமாட்டேன், உன்னிடம் பரிதாபம் வாங்குகிற நிலைமைக்கு நான் வரவில்லை. மயக்க மருந்து டாக்டர் என் மூச்சுப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, நீச்சல் அடிப்பாயா என்று கேட்டார். இஸ்திரி போடுவேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. அத்தாவுக்குப் புரிந்தது.

நீ வார்டுக்கு வந்து என் அம்மா முன்னால் அழுதது சகிக்கவில்லை. படுத்திருப்பவள் நான். உனக்குத் தண்ணீர் கொடுத்து சமாதானப்படுத்த ஓர் ஆள் வேண்டியிருந்தது. இனிமேல் அப்படி வராதே.

பிரமிளா மிஸ் பேசினார். நீ சனிக்கிழமை தவறாமல் வருகிறாயாம், பாதியில் இறக்கிவிடுகிறாயாம், திட்டிக்கொண்டே மறுபடி தூக்குகிறாயாம். மிஸ்ஸையா, என்னையா, யாரைத் திட்டுகிறாய் என்று கேட்டேன். "தன்னையேதான்" என்றார். அது போதும்.

ஒரு வருடத்துக்கு நான் வீட்டிலிருந்தே படிக்கப் போகிறேன். போன் திரும்பக் கைக்கு வந்துவிட்டது. ஜூன் விடுமுறையில் உன் நம்பருக்குப் போட்ட தடை இன்னும் இருக்கிறது, எடுக்கமாட்டேன். பேசுவதென்றால் எழுது. நேரில் நிற்கும்போது நீ பந்தைப் பார்க்கிறவள். ஒரு நாளும் செய்யவில்லை என்று முதல் கடிதத்திலேயே எழுதியவளும் நீதான். தாளில் நீ என்னிடம் பொய் சொன்னதே இல்லை.

வீட்டு முகவரி தெரியாது என்று சாக்குச் சொல்லாதே. கடையில் கேட்டால் சொல்வார்கள், அங்கே உன்னை எல்லாருக்கும் தெரியும்.

ஃபர்சானா